ஸ்டிக்கர் பொட்டும் தோல்மாமாவும்

மனிதனை முழுக்க முழுக்கத் தோலாகவே பார்த்த பிறவி உலகத்தில் ஒன்றுதான் உண்டு. அது எங்கள் மட்டாஞ்சேரித் தெருவில் குடியிருந்தது. பக்கத்துச் சுள்ளிக்கலில் தோல் வைத்தியம் பார்த்த டாக்டர். பெயர்ப்பலகையில் ஏதோ பெயர் இருந்தது, யாரும் படித்ததில்லை. தெருவுக்கே அவர் தோல்மாமா. உங்கள் பெயரை மறந்துவிடுவார், முழங்கை மச்சத்தை மறக்கமாட்டார்.

தன்னிடம் அபூர்வ வியாதி எதுவும் வருவதில்லை என்பது அவருடைய தீராத ஏக்கம். வருவதெல்லாம் சொறி, படை. ஒருமுறை எறணாகுளம் படகில், நெற்றியில் வெள்ளைத் திட்டும் அதற்குமேல் ஒரு கற்றை வெள்ளை முடியுமாக ஒருவரைப் பார்த்துவிட்டார். அவர் தேடிய அபூர்வம் அது: பிறவியிலேயே வருவது, பரம்பரையாக வருவது, பரவாதது. அந்த ஆளோடு கலூர் பஸ்ஸிலும் ஏறி, அவர் வீட்டில் சாயா குடித்து, அப்பா முதல் கைக்குழந்தை வரை எல்லோர் தலையையும் பார்த்துவிட்டுத்தான் திரும்பினார். லாட்டரி விழுந்தவன்கூட அப்படிச் சிரித்திருக்கமாட்டான்.

எதைப் பார்த்தாலும் வெண்குஷ்டம் என்று அலறுகிற எங்களுக்கு அவர் சலிக்காமல் பிரித்துச் சொல்லுவார். பால்வெள்ளையாக உதடு, விரல், முட்டி என்று தோன்றிப் பரவினால்தான் அது. தவிடு மாதிரிச் செதில் உதிர்ந்தால் வெறும் தேமல். தொட்டால் உணர்ச்சியில்லையென்றால் நிஜக் குஷ்டமாக இருக்கலாம், ஒரு நாளும் தாமதிக்கக்கூடாது. இதையெல்லாம் பந்தியில் பாயசம் வரும் நேரத்தில் சொல்லுவார் என்பதுதான் கஷ்டம்.

ஸ்டிக்கர் பொட்டு வந்த புதிது. என் தங்கை விசாலம் இரவும் பகலும் அதை எடுக்கமாட்டாள். திருப்பூணித்துறையில் அவளுக்கு வரன் குதிர்ந்த சமயத்தில், பொட்டுக்கு அடியில் வெள்ளையாக ஒரு புள்ளியை அம்மா பார்த்துவிட்டாள். வெளியே தெரிந்தால் கல்யாணம் நின்றுவிடும். தோல்மாமாவிடம் காட்டினால் ஊருக்கே தெரிந்துவிடும். எங்களிடம்கூட மூச்சுவிடாமல், இருவருமாகக் கொஞ்சம் பெரிய பொட்டாக வாங்கி மறைத்தார்கள். புள்ளி வளர்ந்தது, பொட்டும் வளர்ந்தது. நிச்சயதார்த்தத்தன்று அது நாலணாக் காசு அளவுக்கு வந்திருந்தது.

தட்டு மாற்றப்போகும் நேரம். பொட்டின் ஓரத்தில் மயிரிழை அளவு வெள்ளை தெரிந்திருக்கிறது. வேறு யார் கண்ணிலும் படவில்லை. தோல்மாமா எழுந்து நேராக விசாலத்திடம் போனார்.

"கொழந்தே, அந்தப் பொட்டை ஒண்ணு எடு."

கல்யாணப் பெண்ணிடம் சபை நடுவே சொல்லுகிற வார்த்தையா இது? இலை போட்டாச்சு, வாருங்கள் என்று அப்பா அவரை இழுத்துப் பார்த்தார். அம்மா சுவரில் சாய்ந்துவிட்டாள். விசாலம் என்ன நினைத்தாளோ, சட்டென்று உரித்தெடுத்துவிட்டாள்.

மாமா சட்டைப்பையிலிருந்த லென்ஸை வைத்து நெற்றி, உதடு, விரல், முழங்கை எல்லாம் பார்த்துவிட்டுச் சபைப் பக்கம் திரும்பினார்.

"வெண்குஷ்டம் இல்லையாக்கும் இது. பொட்டு எவ்வளவோ அவ்வளவுதான் வெளுத்திருக்கு, வேறெங்கயும் இல்லை. பின்னால இருக்கற பசை பண்ணின வேலை."

நிறம் திரும்புமா என்று பிள்ளையின் அப்பா கேட்டார். அந்த இடத்தில் யாராக இருந்தாலும் ஒரு பொய் சொல்லியிருப்பார்கள். வரலாம், வராமலும் இருக்கலாம், ஒட்டுவதை விட்டால் மேலே பெருகாது என்றார் மாமா. பிள்ளையின் அப்பா தாம்பாளத்தைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். அம்மா அழ ஆரம்பித்தாள்.

அப்போது பிள்ளையின் அம்மா தன் நெற்றியிலிருந்த பொட்டை நிதானமாக உரித்தாள். கீழே அதே வட்டம், அதே வெள்ளை.

"நேக்கும் இதாக்கும் டாக்டரே. தூங்கறச்சேகூட எடுத்ததில்லை. இவருக்கே தெரியாது."

பிள்ளையின் அப்பா மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தாம்பாளத்தை இருந்த இடத்திலேயே வைத்தார். இனி ஸ்டிக்கருக்குப் பதில் சந்தனம் என்று மாமா சொன்னபடி, இரண்டு நெற்றியிலும் அம்மா தொட்டு வைத்தாள். ஒரே கூடத்தில் இரண்டு பேருக்கு இருந்தால் அது எப்படி அபூர்வமாகும் என்று மாமாவுக்கு மட்டும் வருத்தம்.

கிளம்பும்போது அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். மாமா அப்பாவின் கையைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்து, "வெறும் தேமல்தான், பேடிக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

விசாலத்தின் நெற்றியில் முக்கால்வாசி நிறம் திரும்பிவிட்டது. மாமா போய்ச் சேர்ந்து வெகுநாளாகிறது. இப்போது என் புறங்கையில் புதிதாக ஏதோ புள்ளி வந்திருக்கிறது. டாக்டர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். எனக்கென்னவோ அதை அவரிடம்தான் காட்டவேண்டும் போலிருக்கிறது.