சிங்காரத்தின் சங்கிலிச் சட்டை

ஒரு காட்டில், வேலி போட வந்தவர்கள் மிச்சக் கம்பியை அப்படியே விட்டுவிட்டுப் போன ஓரமாக, சிங்காரம் என்ற முயல் தன் மனைவி குமுதவல்லியோடு குடியிருந்தது. மற்ற முயல்கள் ஓய்வு நேரத்தில் புல் மேய்ந்தன. வேலை நேரத்திலும் அதையேதான் செய்தன. சிங்காரம் மட்டும் கம்பியைக் குச்சியில் சுற்றி, நறுக்கி, வளையமாக்கி, இரண்டு குறடுகளை வைத்துக்கொண்டு வளையங்களைக் கோத்துக்கொண்டே இருந்தது. போர்வீரர்கள் அந்தக் காலத்தில் போட்டுக்கொண்ட சங்கிலிச் சட்டை அது.

"இதைப் போட்டுக்கிட்டு எந்தச் சண்டைக்குப் போகப் போறீங்க?" என்று குமுதவல்லி கேட்டது.

"சண்டையெல்லாம் இல்லை. சும்மா ஒரு பொழுதுபோக்கு."

"இந்தக் கனத்துக்கு நீங்க நடக்கிறதே பெரிய விஷயம். அப்புறம் எங்கே ஓடறது?"

குமுதவல்லி சொன்னது சரிதான். சட்டையை மாட்டிக்கொண்டு சிங்காரம் முதன்முதலாக மேயப் போன அன்றைக்கே வீரபத்திரன் என்ற சிறுத்தை வந்தது. மற்ற முயல்கள் பறந்துவிட்டன. சிங்காரம் கொஞ்ச தூரம் கலகலவென்று ஓடி, மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டது.

சிறுத்தை முதுகில் கடித்தது. பல் கூசியது. வயிற்றில் கடித்தது. அங்கேயும் கம்பி.

"சரி, காதிலிருந்து ஆரம்பிக்கிறேன்," என்றது.

"தலைக்குத் தனியா ஒண்ணு பின்னலாம்னு இருந்தேன், ஐயா," என்று சிங்காரம் நடுங்கிக்கொண்டே சொன்னது.

சிறுத்தைக்குக் கடைவாயில் வலி. தாடையைத் தடவியபடி, பேச்சுக்காக, "இதை எப்படிச் செஞ்சே?" என்று கேட்டுவிட்டது.

அதுவரை யாரும் சிங்காரத்திடம் அதைக் கேட்டதில்லை. நடுக்கம் சட்டென்று நின்றது.

"ஒரு வளையத்துக்குள்ள நாலு வளையம் போகும், ஐயா. இது சாதாரணப் பின்னல். ஆறு போகிற பின்னலும் இருக்கு. ஆனா கம்பியோட தடிமனைப் பத்தி முதல்ல சொல்லிடறேன். அது தெரியாம மத்தது புரியாது."

"எனக்குப் பசிக்குது."

"சீக்கிரம் முடிஞ்சிடும். இந்தக் குறடுகளைப் பிடிங்க," என்று சிங்காரம் கையோடு கொண்டுவந்திருந்த வளையங்களையும் எடுத்து வைத்தது.

சிறுத்தை பிடித்தது. ஏன் பிடித்தோம் என்று அதற்கே விளங்கவில்லை. ஒரு வளையத்தை மூடியது.

"வாய் சேரலை பாருங்க, முடி மாட்டும். பிரிச்சிட்டு மறுபடி போடுங்க."

வெயில் சாய்ந்தது. வளையத்தை இழுத்துத் திறக்கக் கூடாது, பக்கவாட்டில் திருகித்தான் திறக்க வேண்டும் என்று சிங்காரம் திரும்பவும் தொடங்கியபோது, சிறுத்தை குறடுகளைக் கீழே வைத்தது.

"தண்ணி குடிச்சிட்டு வந்துடறேன்," என்று சொல்லிவிட்டு ஓட்டம் பிடித்தது.

"ஐயா, தோள்பட்டையை இன்னும் சொல்லலையே," என்று சிங்காரம் கலகலவென்று பின்னால் ஓடியது. காடே இதைப் பார்த்தது. சிறுத்தை ஆற்றைத் தாண்டி வேறு காட்டுக்கே குடிபோய்விட்டது.

மறுநாள் சிங்காரத்துக்குப் பாராட்டுக் கூட்டம். தலைமை தாங்கிய கரடி மாலை போட்டுவிட்டு, "இந்தச் சட்டையைச் செய்த விதத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல வேண்டும்," என்று கேட்டுக்கொண்டது.

இப்போது அந்தக் காட்டில் சிங்காரமும் குமுதவல்லியும் மட்டும்தான் இருக்கின்றன. புல் ஏராளமாகக் கிடைப்பதால் குமுதவல்லி ஒன்றும் சொல்வதில்லை.

நீதி: நல்ல பொழுதுபோக்கு எதிரிகளை அண்டவிடாது, நண்பர்களையும்தான்.