ஆசிரியர் வராத கால்மணி நேரம்

ஒரே ஒரு நாட்டிலே, ஒரே ஒரு ஆற்றங்கரையிலே, ஒரே ஒரு பல்கலைக்கழகம் இருந்ததாம். நாடு போலந்து, ஆறு விஸ்துலா. அந்தப் பல்கலைக்கழகத்தில் பத்து மணி வகுப்பு என்றால் பத்தேகாலுக்குத்தான் தொடங்கும். சோம்பலால் அல்ல, மரபால். முதல் கால்மணி நேரம் ஆசிரியருக்குச் சொந்தம். அவர் எங்கே இருக்கிறார் என்று யாரும் கேட்கக்கூடாது. அங்கே நேரம் தவறாமல் நடந்த ஒரே காரியம் இந்தத் தாமதம்தான்.

ஹல்ஷ்கா அங்கே விரிவுரையாளர். பாலங்கள் ஏன் விழுவதில்லை என்பது அவர் பாடம். பாரம் ஏற ஏற ஒரு தூண் எந்த நொடியில் வளையும் என்று சொல்லும் கட்டம் வந்தால், கையிலிருக்கும் சாக்குக்கட்டி பொடியாவதுகூட அவருக்குத் தெரியாது. சம்பளத்தை நிறுத்தினால்கூட வந்துவிடுவார். வகுப்பை நிறுத்தினால் என்ன செய்வார் என்று அவருக்கே தெரியாது.

அந்த ஆண்டு பல்கலைக்கழகத் தலைவரான ரெக்டர் ம்ரோச்செக்குக்கு மாற்றத்தின்மேல் ஆசை பிறந்தது. உலகத்திலுள்ள பல்கலைக்கழகங்கள் எல்லாம் மாறிக்கொண்டிருக்க, நாம் மட்டும் அப்படியே உட்கார்ந்திருக்கிறோமே என்று பேரவையில் கண் கலங்கினார். எதிலிருந்து எதுவாக மாறவேண்டும் என்று யாரோ கேட்டதற்கு, அது மாறிய பிறகு தெரியவரும் என்றார். உலகக் கற்பித்தல், நிர்வாகம் மற்றும் மாற்றம் குறித்த உயர் ஆய்வு நடுவத்திலிருந்து லாங்டன் என்ற ஆய்வாளர் வரவழைக்கப்பட்டார்.

லாங்டனுக்குப் பார்க்கவேண்டிய நாடுகள் நிறைய. அதனால் எந்த வகுப்பிலும் முதல் கால்மணி நேரம் மட்டும் உட்கார்ந்து கற்றலை அளப்பார். ஹல்ஷ்காவின் வகுப்பில் சரியாகப் பத்து மணிக்கு வந்து அமர்ந்தார். மாணவர்கள் கசகசா தூவிய வளைய ரொட்டியைக் கடித்தபடி முந்தைய நாள் பாடத்தைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். கிங்கா என்ற பெண் பிளாஸ்டிக் அளவுகோலை மேசையில் நிறுத்தி அழுத்த, அது வளைந்து துள்ளி லாங்டன் மடியில் விழுந்தது. அவர் பரவசத்தோடு குறித்துக்கொண்டார். பத்தேகாலுக்கு எழுந்து போனார். வாசலில் எதிரே வந்த ஹல்ஷ்காவுக்கு மரியாதையாகக் கதவைத் திறந்து பிடித்தார்.

அடுத்த வாரம் ரெக்டர் கூப்பிட்டனுப்பினார்.

"வாழ்த்துகள் டாக்டரம்மா. நீங்க இல்லாத நேரத்துல உங்க கிளாஸ்தான் உலகத்துலயே முதலிடமாம்."

"சார், அது கிளாஸே இல்ல. கிளாஸுக்கு முன்னாடி பசங்க பேசிட்டிருந்த நேரம். அவர்கிட்ட சொல்லலையா?"

"விருந்தாளியக் கூப்பிட்டு உக்காரவச்சு, நாங்க தினமும் லேட்டுனு எப்படிம்மா சொல்றது?"

"அவங்க சண்டை போட்டதே நான் முந்தின நாள் நடத்தின பாடத்தப் பத்திதான்."

"உங்க பங்க யாரு இல்லேன்னாங்க? இனிமே முழு நேரமும் வராம இருந்து அந்தப் பங்கத் தொடரணும்."

சுற்றறிக்கை வந்தது. கற்றலின் மேன்மையைக் கருத்திற்கொண்டு, கால்மணி நேரம் முழு வகுப்புக்கும் நீட்டிக்கப்படுகிறது. வகுப்பறை எல்லைக்குள் ஆசிரியர் எவரும் பிரவேசிக்கலாகாது. ஆசிரியர்கள் கூடிக் கொதித்தார்கள். கல்விக்கு நேர்ந்த அவமானம் என்று ஒருமனதாகக் கண்டனத் தீர்மானம் போட்டார்கள். மறுநாள் காலை எல்லோரும் கூடையை எடுத்துக்கொண்டு காட்டுக்குக் காளான் பறிக்கப் போனார்கள்.

ஹல்ஷ்கா மட்டும் போகவில்லை. சுற்றறிக்கையைத் திரும்பத் திரும்பப் படித்தார். ஆசிரியர்தான் நுழையக்கூடாது. அவர் வேலையை ராஜினாமா செய்துவிட்டு, தம் பாடத்திலேயே மாணவியாகச் சேர்ந்தார்.

முதல் நாள் லெஷெக் என்ற பையனுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. அவன் யோசித்துவிட்டு, "இனிமே மேடம்னு கூப்பிட முடியாது. அக்கானு கூப்பிடட்டுமா?" என்றான்.

"அத்தைன்னு கூப்பிடாம இருந்தா சரி. கொஞ்சம் நகர்ந்து உக்காரு."

பிறகு பக்கத்துப் பையனுக்கு ஒரு சந்தேகத்தை விளக்கினார். அதற்குக் கரும்பலகைவரை போகவேண்டியிருந்தது. சந்தேகம் நாள் முழுக்க நீடித்தது. குளிர்காலம் முழுவதும் இப்படியே போயிற்று. வகுப்பில் எல்லோருக்கும் தூண் புரிய ஆரம்பித்தது. ஹல்ஷ்காவின் சட்டைக் கையில் சாக்குப்பொடி மறுபடியும் ஒட்டியது.

பனி உருகியதும் லாங்டன் மறுபடியும் வந்து அளந்தார். கற்றல் முன்னைவிட எங்கேயோ ஏறியிருந்தது. காரணம் என்ன என்று மாணவர்களைக் கேட்டார். எல்லாக் கைகளும் அன்போடு ஹல்ஷ்காவைக் காட்டின. இந்த அக்கா இல்லாவிட்டால் நாங்கள் இல்லை என்று உருகினார்கள். இத்தகைய அரிய திறமை பெஞ்சில் வீணாகலாமா என்று லாங்டன் கேட்டார். கூடாது என்று எழுதிய மனுவில் அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

ஒரு வாரத்தில் ரெக்டரே துலிப் பூங்கொத்தோடு வகுப்புக்கு வந்தார், லாங்டனையும் கூட்டிக்கொண்டு. மாணவி ஹல்ஷ்கா, உலக ஆய்வின் பரிந்துரைப்படி, இந்த நிமிடத்திலிருந்து விரிவுரையாளராக நியமிக்கப்படுகிறார். ஒரே கைதட்டல்.

ஹல்ஷ்கா கரும்பலகைப் பக்கம் நின்றிருந்தார். "ஏண்டா லெஷெக், நான் வாத்தியாரானா இந்த ரூமுக்குள்ள வரக்கூடாதுன்னு உனக்குத் தெரியாதா?"

லெஷெக் தலையைச் சொறிந்தான். "தெரியும்க்கா. நல்லது நடக்குதேன்னு கையெழுத்துப் போட்டுட்டோம்."

"டாக்டரம்மா," என்றார் ரெக்டர் கனிவாக, "நீங்க இப்ப உள்ள நிக்கிறதே விதிமீறல்."

"இந்தத் தூண் வளையப் போகுது சார். அத மட்டும் முடிச்சிட்டுப் போறேனே."

"பாதியில விட்டாத்தான் சிந்தனை வளரும்," என்றார் லாங்டன்.

ஹல்ஷ்கா கோட்டை மாட்டிக்கொண்டு பூங்கொத்தோடு வெளியே போனார். ரெக்டர் செய்தியாளர்களைப் பார்க்கப் போனார். தூண் அடுத்து எந்தப் பக்கம் வளையும் என்று மாணவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஜன்னலுக்கு வெளியே ஆற்றங்கரையில் நல்ல வெயில். முதலில் கிங்கா எழுந்தாள். பிறகு இருவர் இருவராக. கடைசியில் லெஷெக், கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு.

லாங்டன் காலி அறையை அளந்தார். சண்டை இல்லை, சந்தேகம் இல்லை, எந்தத் தரப்பிலிருந்தும் குறுக்கீடு இல்லை. இனி மாற்றத்துக்குத் தடையேதும் கிடையாது என்று எழுதி, மனநிறைவோடு விளக்கை அணைத்துவிட்டு அவரும் போய்விட்டாராம்.