இடது காதே கேட்காத தொழிற்சாலை

அரைகுறையாகப் படித்த டாக்டரைவிட ஆபத்தானவர், முழுசாகப் படித்துவிட்டு மெஷினை அப்படியே நம்புகிற டாக்டர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், அம்பத்தூர் எஸ்டேட்டில், அந்த டாக்டர் நான்தான்.

எம்.பி.பி.எஸ். முடித்த கையோடு தொழிலாளர் உடல்நல மருத்துவத்தில் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தேன். (“ஆஸ்பத்திரியில வேலை கெடைக்கலியாம்மா?” என்று ஆவடியில் எங்கள் தெருவே துக்கம் விசாரித்தது.) தகரத்தை அடித்து வளைக்கும் ஒரு பட்டறையில், இரைச்சலால் யாருக்காவது காது போயிருக்கிறதா என்று பார்ப்பதுதான் என்னை நம்பித் தனியாகக் கொடுத்த முதல் வேலை. ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு, ஒவ்வொரு காதுக்கும் சின்னச் சின்ன ஒலியாக அனுப்ப வேண்டும். கேட்டால் அவர்கள் கையைத் தூக்குவார்கள். அவ்வளவுதான்.

முதல் ஆளுக்கு இடது காது கேட்கவில்லை. அடுத்தவருக்கும் இடது காது. அதற்கடுத்தவருக்கும்! எனக்குப் புல்லரித்துவிட்டது. எழுந்துபோய்ப் பார்த்தேன். பெரிய பிரஸ் மெஷின் அவர்களுக்கு இடப்பக்கம்தான் நின்றது. கண்டுபிடித்துவிட்டேன்! (மனசுக்குள் எனக்கு நானே மாலைகூடப் போட்டுக்கொண்டேன்.)

பிறகு வந்தவர் ஏகாம்பரம். வருகிற ஞாயிறு அவருக்குக் கல்யாணம்.

“இன்னா டாக்டரம்மா, மூஞ்சி ஒரு மாரி கீது?”

“ஏகாம்பரம், உங்களுக்கு இடது காது சுத்தமா கேக்கலை.”

“நீங்க பேசறது கேக்குதே?”

“அது வலது காது.” எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தேன்.

அவர் முகம் சுண்டிப்போனது. “பொண்ணாண்ட சொல்லணுமா?”

“மறைக்கக் கூடாது” என்றேன், தர்மதேவதை தோற்றாள் போங்கள்.

பெண் செல்விக்குப் பக்கத்துத் தெரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை. சாப்பாட்டு மணி அடித்ததுமே டிபன் பாக்ஸைத் திறக்காமல் ஏகாம்பரம் சைக்கிளில் கிளம்பிவிட்டார்.

அவர் போன சற்று நேரத்தில், சாயங்காலம் வரவேண்டிய எங்கள் பேராசிரியை முன்னாலேயே வந்து நின்றார். என் கண்டுபிடிப்பை மூச்சுவிடாமல் சொன்னேன்.

“எல்லாருக்குமே இடது காதா?” என்றவர், ஹெட்ஃபோனைத் தானே மாட்டிக்கொண்டார். “ம், போடு.”

போட்டேன். இடது பக்கத்துக்கு அவர் கை எழும்பவே இல்லை. எவ்வளவு பெரிய டாக்டர், பாவம்! அவருடைய வலது காதருகே குனிந்து, கனிவோடு கத்தினேன். “மேடம்... உங்களுக்குமா?”

“கத்தாதே. காலையில மொதல்ல உன் காதுல மாட்டிப் பாத்தியா?”

பார்க்கவில்லை. அவர் இடது ஒயரை லேசாகத் திருகினார். அவர் கை ஜம்மென்று மேலே போனது.

நான் வாசலுக்கு ஓடினேன். நின்றுபோன கல்யாணம், மண்ணை வாரித் தூற்றும் இரண்டு குடும்பம், எல்லாம் கண்முன்னே வந்து போயின. எதிரே ஏகாம்பரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். சிரித்துக்கொண்டு!

“சொல்லிட்டீங்களா?”

“சொல்டேன். ‘அதுக்கு இன்னா இப்போ? நான் வலது பக்கமா நின்னுகினு பேசறேன்’னுச்சு.”

அங்கேயே உட்கார்ந்து அழவேண்டும்போல இருந்தது. “உங்க காது நல்லாத்தான் இருக்கு! மெஷின்தான் செவிடு!”

அவர் கொஞ்சம் யோசித்தார். “கல்யாணம் முடியற வரிக்கும் அதாண்ட சொல்லாதீங்க டாக்டரம்மா. காதாண்ட வந்து எவ்ளோ ஆசையா பேசுது தெரியுமா?”

மறுபடி எல்லோரையும் சோதித்தோம். ஓரிருவருக்குத்தான் லேசான குறை. அவர்களுக்குக் காதடைப்பான் கிடைத்தது. எனக்கு உயிர் திரும்பி வந்தது.

அதன்பிறகு எத்தனையோ இளம் டாக்டர்களுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டேன். மரியாதையெல்லாம் வீட்டு வாசலோடு சரி. இன்றைக்கும் யார் நெற்றியிலாவது கைவைத்து “ஜுரம் அடிக்குதே” என்று நான் சொல்லிவிட்டால் போதும், என் கணவரும் மகளும் ஒரே குரலில் கேட்பார்கள்:

“மொதல்ல உன் நெத்தியைத் தொட்டுப் பாத்தியா?”