உள்ளே ஒன்றுமில்லாத விளையாட்டுப் பெட்டியை வாங்கலாமா?

அன்புள்ள மைத்துனருக்கு,

உங்கள் அக்காவின் கணவர் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் உடல்நலத்தில் குறையில்லாமல் இருக்கிறோம். மனநலத்தைப் பற்றி நீங்களே படித்துத் தெரிந்துகொள்ளலாம். அங்கே தங்கச்சியும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பார்கள் என்றும், உங்கள் முதுகுவலி உங்களை உட்காரவாவது விடுகிறது என்றும் நம்புகிறேன். போன் செய்யாமல் கடிதம் எழுதுகிறாரே என்று நினைக்க வேண்டாம். எங்கள் வீட்டில் எந்த அறையில் நின்று போன் பேசினாலும் மற்ற எல்லா அறையிலும் கேட்கும். இது உங்கள் அக்காவுக்குக் கேட்கக் கூடாத விஷயம்.

விஷயம் இதுதான். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு காலை நேரம், துணி மடித்துக்கொண்டே, தலை நிமிராமல், "ஒரு கேம் கன்சோல் வாங்கலாம்னு இருக்கேன்" என்றாள் உங்கள் அக்கா. யாருக்கு என்றேன். "நமக்குத்தான்." நமக்கு எதற்கு என்றேன். "எதுக்கு வாங்குவாங்க, விளையாடத்தான்." கல்யாணமாகி முப்பத்தாறு வருடத்தில் உங்கள் அக்கா விளையாடி நான் பார்த்ததில்லை. நீங்கள் தம்பி, சின்ன வயதில் பார்த்திருக்கலாம். எனக்குத் தெரிந்தவள் கோர்ட்டில் இருபத்தெட்டு வருடம் டைப்பிஸ்ட்டாக இருந்தவள், நீதிபதி ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் அதை அடித்துவிட்டு அடுத்த வாக்கியத்துக்காக அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பவள். அவளுக்கு ரிட்டயர்மென்ட் ஒத்துக்கொள்ளவில்லையோ, டாக்டரிடம் காட்டலாமா என்று யோசித்தேன். நல்லவேளை, வாய்விட்டுக் கேட்கவில்லை. எதற்கும் முதலில் பொருளைப் பார்ப்போம் என்று அன்று மாலையே கடைக்குப் போனேன்.

கடையில் இருந்த விற்பனைப் பெண் பொறுமைசாலி, அதைச் சொல்லியாக வேண்டும். சோப்புப் பெட்டி அளவுக்கு ஒன்றை எடுத்து என் கையில் வைத்தாள். எடையே இல்லை. கேம் எங்கேம்மா என்றேன். "கேம் இதுக்குள்ள இருக்காது சார். இது ஸ்ட்ரீமிங் கன்சோல். கேம் ரொம்ப தூரத்துல ஒரு பெரிய கம்ப்யூட்டர்ல ஓடும். நீங்க பட்டனை அழுத்தினா அது அங்க போகும், அங்கிருந்து படம் உங்க டிவிக்கு வரும்" என்றாள். எனக்கு ஒரு நிமிடம் எல்லாம் புரிந்தது போல இருந்தது. லிஃப்ட் மாதிரிதானே? ஆள் நிற்பது கூண்டுக்குள், மோட்டார் இருப்பது மொட்டைமாடி ரூமில். முப்பத்தொரு வருடம் லிஃப்ட் இன்ஸ்பெக்டராக இருந்தவனுக்கு இது தெரியாதா என்று சந்தோஷமாக, "அப்ப அந்த மோட்டார் ரூமை ஒருதரம் பாக்கலாமாம்மா?" என்று கேட்டுவிட்டேன். "எந்த மோட்டார் சார்?" "அந்தப் பெரிய கம்ப்யூட்டர்." "அது எந்த நாட்டுல இருக்குன்னே எங்களுக்குத் தெரியாது சார்." "அங்க தீப்பிடிச்சா?" அவள் மேனேஜர் பக்கம் திரும்பிப் பார்த்தாள். மேனேஜர் வந்தார். அதை வருடா வருடம் சோதித்து யார் கையெழுத்துப் போடுகிறார்கள் என்று அவரிடம் கேட்டேன். அவர் எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். கிளம்பும்போதுதான் இன்னொன்றையும் சொன்னார்கள். பெட்டியை வாங்கினால் மட்டும் போதாதாம், மாதாமாதம் சந்தா கட்ட வேண்டுமாம். சந்தாவை நிறுத்தினால் விளையாட்டும் நின்றுவிடுமாம். "பெட்டி?" என்றேன். "பெட்டி உங்களோடதுதான் சார்" என்றார் மேனேஜர், பெரிய மனசு பண்ணி.

சரி, வைத்திருப்பவர்களைக் கேட்போம் என்று எங்கள் கீழ்வீட்டுப் பல் டாக்டரிடம் போனேன். நாற்பது வயது, தங்கமான மனிதர், கிளினிக் முடிந்து வந்ததும் இந்தப் பெட்டியோடுதான் உட்காருவார். நான் கேட்டதும் அவருக்கு ஒரே உற்சாகம், உட்காரவைத்து ஃபுட்பால் ஆட்டம் போட்டுக் காட்டினார். வாயைத் திறந்து வைத்துக்கொண்டே விளையாடுகிறார், தொழில் பழக்கம் போலிருக்கிறது. என்னிடம் பட்டன் வைத்த ஒரு கைக்கருவியைக் கொடுத்து, "இந்தப் பட்டன் உதைக்கிறதுக்கு அங்கிள்" என்றார். அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினேன். அதற்குள் முதலில் அழுத்தியதற்குத் திரையில் என் ஆட்டக்காரன் உதைத்தான், பந்து அங்கே இல்லை. இரண்டாவது அழுத்தலுக்கு எங்கள் ஆளையே உதைத்தான். "கொஞ்சம் லேக் ஆகுது அங்கிள், நெட் ஸ்லோ" என்றார் டாக்டர். மாப்பிள்ளை, பட்டனை அழுத்தி ஒரு நொடி கழித்து யோசித்து நகருகிற லிஃப்ட் எத்தனையை என் சர்வீஸில் நான் சீல் வைத்து மூடியிருக்கிறேன் தெரியுமா? ஆனால் டாக்டர் சொல்கிறார், நெட் சரியாக இருந்தால் கடைகளில் பெரிய விலைக்கு விற்கிற கனமான கன்சோலும் இதுவும் ஒன்றுதானாம், இது அதில் கால் பங்கு விலைதானாம், இடத்தை அடைக்காதாம். அப்ப வாங்கலாமா டாக்டர் என்றேன். "உங்க வீட்டு வைஃபை எப்படிங்கிறதைப் பொறுத்தது" என்றார். இப்படி ஒரு பதிலை வைத்துக்கொண்டு மனுஷன் என்ன முடிவு எடுப்பது? பல்லைப் பிடுங்கலாமா என்று கேட்டால் உங்க வாயைப் பொறுத்தது என்பாரோ?

இதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. எங்கள் வீட்டு ரவுட்டர் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கிறது, அங்கே வைத்தவனும் நான்தான். அதை ஹாலுக்கு மாற்றினால் வைஃபை நன்றாக வருமே என்று ஸ்டூல் போட்டு ஏறினேன். வயர் எட்டவில்லை. லேசாக இழுத்தேன். எங்கோ படிக்கட்டுப் பக்கம் டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் எங்கள் தளத்தில் சுவரில் இருக்கிற பொதுப் பெட்டி திறந்து கிடக்கிறது, உள்ளே முப்பது வயர், ஒன்றில் கூட எந்த வீடு என்று சீட்டு ஒட்டவில்லை. பார்த்ததும் எனக்குக் கை சும்மா இருக்குமா? ஒவ்வொன்றாகக் கழற்றி, எது யாருடையது என்று பார்த்து, சீட்டு எழுதி ஒட்டி, முறைப்படி மாட்டிவிடலாம் என்று ஆரம்பித்தேன். கழற்றுவது சுலபமாகத்தான் இருந்தது. பன்னிரண்டாவது வயரில் கீழ்வீட்டிலிருந்து "ஐயோ, கோல்!" என்று டாக்டர் அலறினார். பதினேழாவதில் மேல்வீட்டு மொழிபெயர்ப்பாளர் அம்மா இறங்கி வந்தார், ஏதோ வெளிநாட்டு மீட்டிங்கில் இரண்டு பக்கமும் பேசிக்கொண்டிருக்க நடுவில் இவர் மட்டும் மறைந்துபோய்விட்டாராம். கடைசியில் குடியிருப்போர் சங்கச் செயலாளர் வந்து, "சார், நீங்க ரிட்டயர் ஆயிட்டீங்க, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார். ஒன்றரை நாள் கட்டடம் முழுக்க நெட் இல்லை. சரிசெய்ய வந்த பையன்கள் இரண்டு பேரும் என் சீட்டுகளைப் படித்துவிட்டுக் கையெழுத்து அழகாக இருக்கிறது என்றார்கள். அதைத் தவிர நல்லதாக யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அன்று மாலைதான் உங்கள் அக்கா என் எதிரே வந்து உட்கார்ந்து டிவியை அணைத்தாள். "ஊரையே இருட்டாக்குற அளவுக்குக் கேக்குறீங்களே, அது எதுக்குன்னு என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?" விளையாட என்று நீதானே சொன்னாய் என்றேன். "உங்க பொண்ணு ரெண்டு வருஷமா வரைஞ்ச கேம் வெளியே வந்திருக்கு. அது இந்தப் பெட்டியில மட்டும்தான் ஓடும். எம் பொண்ணு என்ன பண்ணியிருக்கான்னு எனக்குப் பாக்கணும்" என்றாள்.

உங்களுக்கு நடந்தது தெரியும், இருந்தாலும் என் பக்கத்தையும் எழுதிவிடுகிறேன். இன்ஜினியரிங் முடித்தவளுக்கு எனக்குத் தெரிந்த லிஃப்ட் கம்பெனியில் நானே நின்று வேலை வாங்கிக் கொடுத்தேன். ஒரு வருடத்தில் விட்டுவிட்டு, விளையாட்டுக்குப் படம் போடும் வேலை என்று எங்கோ தூரத்து ஊருக்குப் போனாள். "வேலை வேற, விளையாட்டு வேற. ரெண்டையும் ஒண்ணுன்னு சொல்றவகிட்ட எனக்குப் பேச்சில்லை" என்று கோபத்தில் சொன்னேன். கோபம் நாலு நாளில் போய்விட்டது. பேச்சு மூன்று வருடமாக வரவில்லை. அவள் அம்மாவிடம் பேசுவாள், நான் பக்கத்து அறையில் பேப்பர் படிப்பேன். முன்பே எழுதினேனே, எங்கள் வீட்டில் எல்லா அறையிலும் கேட்கும். அவளுக்கு இருமல் வந்தது, வீடு மாறியது, முடியைக் குட்டையாக வெட்டியது எல்லாம் எனக்குத் தெரியும். நான் கேட்கிறேன் என்று அவளுக்குத் தெரியுமா என்பதுதான் தெரியாது.

கீழ்வீட்டு டாக்டரிடம் பெட்டி இருக்கிறதே, அங்கே போய்ப் பார்த்துவிடலாமே என்று சொல்லிப் பார்த்தேன். "எம் பொண்ணு வேலையை நான் அடுத்தவர் வீட்டு சோஃபா நுனியில உக்காந்து பாக்கணுமா?" என்றாள். 

இப்போது சொல்லுங்கள் மாப்பிள்ளை, நீங்கள் டெலிபோன் துறையில் இருப்பவர், வயர் விஷயம் அறிந்தவர். உள்ளே ஒன்றுமில்லாத பெட்டி, எங்கே என்று தெரியாத மோட்டார், நின்றால் எல்லாம் நின்றுபோகிற சந்தா, பொறுத்தது பொறுத்தது என்று சொல்கிற டாக்டர். விலை குறைவு என்பதும் நிஜம், இடம் அடைக்காது என்பதும் நிஜம். இரண்டு பக்கமும் யோசித்து யோசித்து, வாங்கலாம் என்று குளிக்கப் போனால் வேண்டாம் என்று வெளியே வருகிறேன். வேறு யாரிடமும் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். அதை மாட்டிப் பார்த்து அவள் வரைந்தது நன்றாக இல்லாமல் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. நன்றாக இருந்துவிட்டால் இந்த மூன்று வருடத்தை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அதைவிடப் பயமாக இருக்கிறது. ஆகவே உங்களை மிகவும் கேட்டுக்கொள்வது என்னவென்றால், இந்த வகைப் பெட்டி தரமில்லை, அடுத்த வருடம் நல்லதாக வரும், இப்போது வேண்டாம் என்று உங்கள் அக்காவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். தம்பி சொன்னால் கேட்பாள். நான் எழுதியதாக மட்டும் தெரிய வேண்டாம்.

தங்கச்சிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம், நன்றாகப் படித்து எந்த வேலைக்கு வேண்டுமானாலும் போகட்டும். உங்கள் முதுகை நேராக வைத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
குழப்பத்துடன்,
உங்கள் அத்தான்

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். ஏற்கனவே அக்காவிடம் சொல்லிவிட்டிருந்தால் உடனே போன் செய்து, மாற்றிச் சொல்லவும். கடிதத்தை மடித்துவிட்டு உறை தேடித் துணி அலமாரியைத் திறந்தேன். உறை இல்லை. போர்வைக்கு அடியில் அந்தப் பெட்டி இருந்தது. வந்து ஐந்து வாரம் ஆகிறது என்று மேலே ஒட்டியிருந்த தேதி சொல்கிறது, அதாவது என்னைக் கேட்பதற்கு இரண்டு வாரம் முன்னாலேயே. அனுப்புநர் என்ற இடத்தில் உங்கள் வீட்டு விலாசம் இருக்கிறது. நல்லா இருங்க மாப்பிள்ளை. மூன்று வாரம் நான் தெருத்தெருவாகக் கேட்டுத் திரிந்தபோது இது என் போர்வைக்கடியில் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறது. ஏன் மறைத்தாய் என்று உங்கள் அக்காவைக் கேட்டேன். "நீங்களா 'போடு, பாக்கலாம்'னு சொல்லுவீங்கன்னு காத்துக்கிட்டு இருந்தேன்" என்றாள். சரி, போடு, பாக்கலாம் என்றேன்.

போட்டோம். ஒரு மலைமேல் ஊர். குடை பிடித்த ஒரு பெண் வீடு வீடாகப் பார்சல் கொண்டுபோகிறாள். அந்தத் தெருக்களும் படிகளும் முழுக்க நம் பெண் வரைந்ததாம். உங்கள் அக்கா பத்து விரலாலும் என்ன செய்தாளோ, அந்தப் பெண் பறந்தாள். பிறகு கைக்கருவியை என்னிடம் கொடுத்தாள் உங்கள் அக்கா. நான் மூன்றாவது தெருப் படிக்கட்டிலேயே கீழே விழுந்தேன். மறுபடியும் விழுந்தேன். ஏழாவது தடவை பார்த்துவிட்டேன், அந்தப் படிக்கட்டில் கைப்பிடியே இல்லை. அவ்வளவு அழகாக, கல் கல்லாக, ஓரத்துப் பாசி வரைக்கும் வரைந்திருக்கிறாள், கைப்பிடி வைக்கவில்லை. எனக்கு வந்த கோபத்தில் உங்கள் அக்காவின் போனை எடுத்து நானே அழைத்துவிட்டேன். "அம்மா?" என்றாள். "அப்பா" என்றேன்.  "குட்டிம்மா, அந்த மூணாவது தெருப் படிக்கு ஏன் கைப்பிடி வைக்கலை?" என்றேன். "அப்பா, அது கற்பனை ஊருப்பா." "கற்பனை ஊர்ல விழுந்தா கால் உடையாதா?" "உடையாதுப்பா." "அது எப்படி உடையாம இருக்கும்?" நாற்பது நிமிடம் சண்டை போட்டோம். நடுவில் இரண்டு தடவை அவள் மூக்கை உறிஞ்சினாள், சளி என்றாள். எனக்கும் சளி என்றேன். கடைசியில், அடுத்த தடவை கேமைத் திருத்தும்போது கைப்பிடி வைக்கிறேன், எவ்வளவு உயரத்தில் வைக்கணும் என்று கேட்டாள். தொள்ளாயிரம் மில்லிமீட்டர் என்று சொல்லி வைத்தேன்.

போனை வைத்த பிறகுதான் சந்தேகம் வந்தது, அந்த ஊரில் ஆட்கள் எவ்வளவு உயரம் என்று கேட்கவில்லையே. நாளைக்கு மறுபடியும் கூப்பிட வேண்டும்.