ட்ரெய்லர் நைனாவின் டியூஷன்

ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்த ஒரே மனிதர், உலகத்திலேயே எங்கள் ட்ரெய்லர் நைனாதான். அவர் சொன்ன விடைகளில் பாதி தப்பு. மீதிப் பாதி, கேள்விக்கே சம்பந்தமில்லாதவை.

திருவொற்றியூரில் எங்கள் தெரு எண்ணூர் விரைவுச் சாலையில் போய் முட்டும். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் அங்கே நாள் முழுக்க வரிசையில் நிற்கும். மற்ற டிரைவர்கள் சோறாக்குவார்கள், சீட்டாடுவார்கள். நைனாவோ தெருப் பிள்ளைகளைக் கேபினில் ஏற்றிப் பாடம் நடத்துவார். பி.ஏ. தமிழாம், ஒரு பேப்பர் மட்டும் பாக்கியாம். எந்தப் பேப்பர் என்று கேட்டால் ஹாரன் அடித்துப் பேச்சை மாற்றிவிடுவார்.

ஒருநாள் பக்கத்து வீட்டு ரேஷ்மா, பொருள் தேடப் போன தலைவனை நினைத்துத் தலைவி படும் துயரத்தை விளக்கச் சொல்லிக் கேட்டாள்.

"இதுல விளக்க இன்னா கீது? சம்பாரிக்கப் போனவன் ஒரு போன் பண்ணலாம்ல? கலீஜ் பய. அப்டியே எழுது."

"நைனா, அந்தக் காலத்துல போன் இல்ல."

"ஆள் இருந்தான்ல? சொல்லி அனுப்ச்சிருக்கலாம்ல? தப்பு தலைவன் மேலதான். அடில கோடு போடு."

ரேஷ்மா பயபக்தியோடு கோடு போட்டாள். மறுநாள் அவள் அம்மாவைப் பள்ளிக்கு வரச் சொல்லிவிட்டார்கள். 'என் உயிர் நண்பன்' என்று ஆங்கிலக் கட்டுரை கேட்டபோது, நைனா சொல்லச் சொல்ல என் அண்ணன் மகன் எழுதினான். அந்த நண்பனுக்கு மொத்தம் இருபத்திரண்டு டயர்.

இதைவிடப் பெரிய ஆபத்து, வரிசை நகர்வது. கொஞ்சம் இடைவெளி விட்டால் பக்கத்து லாரி மூக்கை நுழைத்துவிடும். அதனால் பாடம் நின்றாலும் வண்டி நிற்காது. ஒருமுறை உவமை அணி முடிவதற்குள் காசிமேடு வந்துவிட்டது. பேரனைத் தேடி ஷேர் ஆட்டோ பிடித்து வந்த என் அம்மா, நைனாவை நடுரோட்டில் கிழி கிழி என்று கிழித்தாள்.

"இன்னா பண்ணச் சொல்ற? ராத்திரிலேந்து காத்துகினு கீறேன், எடத்த வுடுவேனா?" என்றார், இறங்காமலே.

நான் அப்போது கல்லூரியில் உளவியல் படித்துக்கொண்டிருந்தேன். ஞாபகமும் மறதியும் என்ற பேப்பரில், படித்ததெல்லாம் மறந்துபோய் ஃபெயில். இந்த முறையும் போனால் படிப்பு வேண்டாம், இறால் கம்பெனிக்குப் போ என்று அப்பா சொல்லிவிட்டார். விளையாட்டுக்குச் சொல்கிற ஆள் இல்லை அவர். வேறு வழியில்லாமல் நைனாவிடம் போனேன்.

"மறதின்னா இன்னான்ற? கன்டெய்னர் பொட்டி தொலையல பாப்பா. ஆர்பர் யார்டுலதான் கீது. மேல நாலு பொட்டி குந்திகினு கீது. அத்தினிதான்."

எனக்குப் புரிந்துவிட்டது. அவரிடம் கேட்டு எனக்கு ஒன்று புரிந்தது அதுதான் முதல் தடவை.

பரீட்சை அன்று காலை அண்ணனின் ஆட்டோவில் கிளம்பினேன். பின்தெருவில் குழாய்க்குப் பள்ளம் தோண்டியிருந்தார்கள். தெருமுனையிலோ இரண்டு வரிசையாக லாரிகள், எறும்பு நுழைய இடமில்லை. அண்ணன் ஹாரன் அடித்து ஓய்ந்தான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"இன்னா பாப்பா, பரீட்சையா?" மேலேயிருந்து நைனாவின் தலை எட்டிப் பார்த்தது. அவருக்கு முன்னால் தெருவை அடைத்து நின்ற லாரி அப்போதுதான் நகர்ந்தது. நைனா நகரவில்லை. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி ஓடி, இரண்டாவது வரிசை லாரிக்கு முன்னால் கையை விரித்து நின்றார்.

"பரிட்சைக்குப் போவுதுடா கொயந்த! எவனாச்சும் மூக்க வுட்டீங்க, பேஜாராப் பூடும்!"

ஆட்டோ வெளியே வந்தது. திரும்பிப் பார்த்தேன். பின்னாலிருந்த லாரிகள் ஒவ்வொன்றாக அவருடைய ட்ரெய்லரைச் சுற்றி முன்னே போய்க்கொண்டிருந்தன. அவர் அதைப் பார்க்கவேயில்லை. எங்களைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்.

"தெரிலன்னாலும் எழுது பாப்பா! பேப்பர காலியா வுடாத!"

பாஸாகிவிட்டேன். நைனா அன்று துறைமுகத்துக்குள் போகவில்லையாம், மறுநாள்தான் போனாராம். இன்று நான் ஒரு பள்ளியில் பிள்ளைகளின் மனசைப் பற்றிப் பேசிச் சம்பளம் வாங்குகிறேன். எத்தனையோ கேள்விகளுக்கு அவரிடம் விடை கேட்டிருக்கிறேன். அவர்மேல் எனக்குள்ள பிரியத்தை விளக்குக என்று மட்டும் எந்தப் பரீட்சையிலும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் யாரையும் கேட்காமல் நானே எழுதியிருப்பேன்.