ஆர்லிஸ் கோபிளும் என் மனைவியின் காதும்

என் மனைவி ஜெனீவாவுக்குக் காது மிக நன்றாகக் கேட்கும். நான் வாழ்க்கையில் பட்ட துன்பம், பெற்ற புகழ் இரண்டுக்கும் அதுதான் காரணம்.

முப்பத்தொரு வருடம் காலுறை ஆலையில் வேலை பார்த்தவள். அறுபது இயந்திரங்கள் ஒரே நேரத்தில் கத்தும் கூடத்தில் நின்றுகொண்டு, பதினாலாம் நம்பரில் ஊசி வளைந்திருக்கிறது என்று திரும்பிப் பார்க்காமலே சொல்வாள். போய்ப் பார்த்தால் வளைந்திருக்கும். அந்தக் காதோடு ஒரே கூரையின் கீழ் நாற்பது வருடம் குடித்தனம் நடத்தியவன் நான். ஃபிரிட்ஜ் கதவு திறக்கும் சத்தத்தை வைத்தே, நான் எடுத்தது மோரா, மிச்சம் வைத்திருந்த பீச் கேக்கா என்று மாடியிலிருந்து சொல்லிவிடுவாள். அவளுக்குக் கேட்கும், அவள் சொன்னால் நான் கேட்பேன். எங்கள் குடும்பம் முழுக்க முழுக்கக் கேள்விஞானத்தில் ஓடியது.

எங்கள் வீடு வட கரோலினாவில், ஊர்ப் பந்தயத் தடத்தின் மூன்றாவது வளைவுக்குப் பின்னால் இருக்கும் மேட்டில். நடுவில் ஒரு பைன் தோப்பு. தடம் கண்ணுக்குத் தெரியாது, காதுக்கு மட்டும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்து, சாப்பாடு முடிந்து, இரண்டு மணிக்கு ஸ்டாக் கார் பந்தயம், அதாவது சாதாரணக் கார்களை முறுக்கேற்றி ஓட்டும் பந்தயம், ஆரம்பிக்கும். நான் தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். ஜெனீவா கொல்லையில் உட்கார்ந்து பீன்ஸ் நார் உரிப்பாள்.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறு, பந்தயம் பார்த்துவிட்டு வந்து, ஆர்லிஸ் கோபிள் அதிர்ஷ்டத்தில் ஆறாவதாக வந்துவிட்டான் என்று சொன்னேன். கோபிள் எங்கள் பக்கத்து ஓட்டுநர்களில் ஒருவன். பழைய வண்டி, ஒட்டுப்போட்ட கதவு. ஜெயித்ததே இல்லை. யாரும் அவனைப் பொருட்படுத்துவதும் இல்லை.

ஜெனீவா பீன்ஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அதிர்ஷ்டமெல்லாம் இல்ல. வளைவுக்கு வர்றப்ப மத்தவங்க ஆக்ஸிலேட்டர்லேந்து காலை எடுக்கறதுக்கு ஒரு மூச்சு முன்னாடியே ஒருத்தன் எடுக்கறான். பிரேக்கைக் குத்தறதில்ல. அதனால டயர் தேயறதில்ல. கடைசி முப்பது சுத்துல எல்லா டயரும் கீச்சுங்குது, அவன் வண்டி மட்டும் கத்தாமப் போகுது. அவன்தானே உன் கோபிள்?"

அடுத்த செவ்வாய்க்கிழமை டாயிலின் முடிதிருத்தும் கடைக்குப் போனேன். அங்கே முடி வெட்டிக்கொள்பவர் ஒருவர், பந்தயம் பேசுபவர்கள் எட்டுப் பேர். டாயில் எப்போதும் புது வண்டிக்காரர்கள் பக்கம். கோபிள் பேச்சு வந்ததும், "அவன் வண்டி ஓட்டறான்னு நீ சொல்ற, ஊரே அவனை ஓட்டுது" என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, காலை எடுப்பது, டயர் தேயாதது, கடைசி முப்பது சுற்று எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். கடையே அமைதியானது. என் பெண்டாட்டி சொன்னாள் என்று முடிக்கத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் ஹாய்ட் சிக்மன், அதாவது நான், பேசி அந்தக் கடை அமைதியானது அதுதான் முதல் தடவை. அந்த அமைதி வாயில் இனித்தது. மிச்ச வாக்கியத்தை அப்படியே விழுங்கிவிட்டேன்.

ஆறு வருடமாக அது ஜீரணமாகவில்லை.

ஞாயிறு இரவுச் சாப்பாட்டில் போகிற போக்கில் ஜெனீவாவிடம் கேட்பேன். அவள் சொல்வாள். செவ்வாய்க்கிழமை நான் பேசுவேன். நாளடைவில் பக்கத்து ஊரிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். கோபிளின் திறமையை முதலில் கண்டுபிடித்த மனிதர் என்று எனக்கு மரியாதை. கடைக்குள் போனால் காப்பி தானாக வரும்.

இதில் ஒரே ஒரு சிக்கல். ஜெனீவா பந்தயத்துக்கு வரக் கூடாது. வந்து நாலு பேர் நடுவில் வாயைத் திறந்தால் என் கதை கந்தல். ஒவ்வொரு வசந்தத்திலும், ஒரே ஒரு தடவை அந்தக் கோபிளைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று கேட்பாள். தூசி என்பேன். பலகை முதுகைக் குத்தும் என்பேன். அந்தச் சத்தத்தில் உன் அருமையான காது கெட்டுப்போய்விடும் என்று கவலையோடு சொல்வேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

இப்படி வண்டி ஓடிக்கொண்டிருந்தபோது, போன செப்டம்பரில் உள்ளூர் வானொலியிலிருந்து ஓர் அழைப்பு. பேசியவர் ரான்டல், பந்தய வர்ணனையாளர். கோபிளின் வண்டி முதலாளி, இந்த ஞாயிறோடு அவரை இறக்கிவிட்டு வேறு ஆளை ஏற்றப் போகிறாராம். இருபத்திரண்டு வருடம் ஓட்டிய மனிதரின் கடைசிப் பந்தயமாக இருக்கலாம். அவரைப் புரிந்த ரசிகர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் நன்றாக இருக்கும். ஊரில் எல்லோரும் என் பெயரைத்தான் சொல்கிறார்களாம்.

சரி என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் விஷயம் உறைத்தது. அது செவ்வாய்க்கிழமைக் கடை இல்லை, நேரடி ஒலிபரப்பு. அங்கேயே, அப்போதே பேச வேண்டும். என் சரக்கெல்லாம் இரண்டு நாள் பழைய சரக்கு.

ஆகவே ஒரு திட்டம் போட்டேன். ஜெனீவாவைக் கூட்டிக்கொண்டு போவது. பக்கத்தில் உட்காரவைப்பது. அவள் பழக்கப்படி முணுமுணுப்பாள். நான் அதை ஒலிபெருக்குவேன். சாப்பிடும்போது குரலில் வெண்ணெயைத் தடவிக்கொண்டு, நாற்பது வருடம் எனக்காக உழைத்தவளுக்கு ஒரு பந்தயம்கூடக் காட்டவில்லையே என்று மனசு கேட்கவில்லை என்றேன்.

"திடீர்னு என்ன ஹாய்ட், காய்ச்சலா?" என்று நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். பிறகு வருகிறேன் என்றாள். அந்த வாரம் முழுக்க அவள் சமையலறையில் பாடிக்கொண்டிருந்தது எனக்கு என்னவோ செய்தது. வெளியே சொல்லிக்கொள்ளவில்லை.

ஞாயிறு மதியம் தடத்துக்கு மேலே இருந்த கண்ணாடி அறையில் ஏறினோம். ரான்டல் என் தலையில் ஒலிவாங்கியை மாட்டினார். ஜெனீவா தேவாலயத்துக்குப் போட்டுக்கொண்ட நீல உடையோடு, மடியில் வேகவைத்த நிலக்கடலைப் பையோடு பக்கத்தில் உட்கார்ந்தாள். தொடக்கக் கொடி அசைந்தது. இருபத்திரண்டு வண்டிகள் ஒரே உறுமலாகக் கிளம்பின.

திட்டம் தேன் போல் நடந்தது. முன்னால் போகிற வெள்ளை வண்டி பத்துச் சுற்றுக்குள் சறுக்கும் என்று கடலையை உரித்துக்கொண்டே முணுமுணுத்தாள். நான் கம்பீரமாகச் சொன்னேன். எட்டாவது சுற்றில் அது சறுக்கிச் சுவரை உரசியது. ரான்டல் என்னைத் தீர்க்கதரிசியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பதினைந்தாவதாகக் கிளம்பிய கோபிள் சத்தமில்லாமல் ஒன்பதுக்கு வந்தான், ஏழுக்கு வந்தான். நூற்றைம்பதாவது சுற்றில் ஐந்து.

அப்போது ஜெனீவா எழுந்து கண்ணாடியருகே போய் நின்றாள். முணுமுணுப்பு நின்றுவிட்டது.

"கோபிள் ஏன் உள்பக்கமாப் போகாம வெளிப்பக்கமாவே போறார், ஹாய்ட்?" என்று ரான்டல் கேட்டார்.

நான் ஜெனீவாவைப் பார்த்தேன். முதுகு மட்டும் தெரிந்தது. "அவருக்கு அந்தப் பக்கம் பிடிக்கும்" என்றேன்.

மறு சுற்றில் வேறு கேள்வி. அவர் இடது பக்கமாக நன்றாகத் திருப்புகிறார் என்றேன். இங்கே எல்லோரும் இடது பக்கம்தான் திருப்பியாக வேண்டும் என்று ரான்டல் பணிவாக நினைவுபடுத்தினார். காலால் ஜெனீவாவின் குதிகாலைத் தட்டினேன். ஒதுங்கி நின்றுகொண்டாள். கடலைப் பையைச் சரசரக்க வைத்தேன். இருமினேன். கோபிளின் தலைக்கவசம் நல்ல நிறம் என்று நேயர்களுக்குத் தெரிவித்தேன்.

எட்டிப் பார்த்தேன். அவள் கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. இத்தனை வருடம் பைன் மரங்களுக்கு அந்தப்பக்கம் இருந்து கேட்ட மனிதனை முதல்முறையாகக் கண்ணால் பார்க்கிறாள். அவளை அந்தப்பக்கமே உட்காரவைத்தவன் நான். இந்த நினைப்பு வந்ததும், ஆறு வருடத்துக்கு முன்னால் விழுங்கிய அந்த வாக்கியம் வாய்க்கு வந்தது.

"ரான்டல், எனக்குப் பந்தயத்தப் பத்தி ஒண்ணும் தெரியாது" என்றேன். ஊரே கேட்டுக்கொண்டிருந்தது. டாயில் கடை முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. "ஆறு வருஷமா நான் சொன்னதெல்லாம் என் மனைவி சொன்னது. ஒரு தடவைகூட அவ பேரை நான் சொன்னதில்ல."

ஒலிவாங்கியைக் கழற்றி அவள் தலையில் மாட்டினேன்.

அவள் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, ரொட்டி எப்படிச் சுடுவது என்று அண்டை வீட்டுக்காரிக்குச் சொல்வதுபோல் பேசினாள். உள்பக்கத்தில் எல்லோரும் ஓட்டி ரப்பர் படிந்து வழுக்கும், வெளிப்பக்கத்தில் டயர் பிடிக்கும். நல்ல வண்டி கொடுத்தால் யாரும் வேகமாகப் போவார்கள். மோசமான வண்டியை நோகாமல் கொண்டுபோக இந்தத் தடத்தில் ஒருத்தரால்தான் முடியும். அந்த வண்டி என்ன கேட்கிறது என்று அவர் காதுகொடுத்துக் கேட்கிறார், அது என் வீட்டுக் கொல்லைவரைக்கும் எனக்குக் கேட்கிறது என்றாள். ரான்டல் குறுக்கே பேசவே இல்லை. கடைசிச் சுற்றில் கோபிள் பாதி வண்டி நீளம் மட்டும் பின்தங்கி இரண்டாவதாக வந்தார். முதலாவதாக வந்தவரை யாரும் பார்க்கவில்லை.

இறங்கி வந்தபோது படிக்கட்டடியில் ஓர் ஆள் தலைக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். முகமெல்லாம் கரி. கோபிள்தான். வண்டி முதலாளி தடத்தின் ஓரத்தில் வானொலியை வைத்துக் கேட்டாராம். அடுத்த வருடமும் நீயே ஓட்டு என்று சொல்லிவிட்டாராம்.

"நான் எங்க காலை எடுக்கறேன்னு என் கூட வேலை செய்யறவங்களுக்கே தெரியாது, அம்மா" என்றார். "இருபத்திரண்டு வருஷமா யாருமே கவனிக்கலைன்னு நெனச்சிட்டிருந்தேன். ரொம்ப நன்றி."

ஜெனீவா அவருடைய கரிக்கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நன்றி சொல்ல வேண்டியது தான்தான் என்றாள். ஆலையை மூடிய பிறகு கேட்பதற்கு ஒன்றுமில்லாமல் இருந்ததாம். ஞாயிறுதோறும் அவர்தான் காதுக்கு வந்தாராம்.

காரில் திரும்பும்போது எனக்கு மனசு லேசாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. ஊர் கேட்க உண்மையைச் சொன்ன ஆண்மகன் அல்லவா. மன்னிப்புக் கேட்டேன். நீ மட்டும் உணர்ச்சிவசப்பட்டுப் பேச்சு வராமல் நின்றிருக்காவிட்டால் எனக்குப் புத்தி வந்திருக்காது, அந்தக் கண்ணீருக்கு நன்றி என்றேன்.

"கண்ணீர் நெஜந்தான்" என்றாள் ஜெனீவா. "ஆனா பேச்சு வராம இல்ல, வேணும்னேதான் வாயை மூடிக்கிட்டேன். நீ கடையில பேசறதையெல்லாம் டாயில் பெண்டாட்டி எங்கிட்ட வந்து சொல்லிடுவா. ரான்டலுக்கு போன் பண்ணி உன் பேரைக் கொடுத்ததே நானும் அவளும்தான்."

வண்டி ஒரு குழியில் இறங்கி ஏறியது.

"நீ உண்மையச் சொல்ல எத்தனை சுத்து ஆகும்னு எண்ணிட்டு நின்னேன், ஹாய்ட். பதினேழு. பந்தயம் முடிஞ்சாலும் சொல்ல மாட்டான்னு சொன்னா டாயில் பெண்டாட்டி. நான்தான், பாவம், அவன் அவ்வளவு மோசமில்லன்னு உன்மேல பந்தயம் கட்டினேன்."