ஆறு மணி, பதினேழாம் நம்பர்

தொலைபேசி இணைப்புப் பலகையில் ஒன்பதாம் நம்பரின் மூடி 'டக்'கென்று விழுந்தது. எக்சேஞ்சு அக்கா நிமிர்ந்து சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். சரியாக ஆறு.

"எந்த நம்பர்?"

மறுமுனையில் மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. பிறகு, திருட்டுச் சாமான் விலை கேட்பவர் மாதிரி மருந்துக்கடைக்காரர் கிசுகிசுத்தார். "பதினேழு."

"இணைக்கிறேன்."

கயிற்றின் ஒரு முனையை ஒன்பதிலும் மறுமுனையைப் பதினேழிலும் செருகினாள். மணி அடித்தது. பாட்டு டீச்சர் எடுத்து "ஹலோ" என்றார். அந்த நொடியே மருந்துக்கடைக்காரர் ரிசீவரை வைத்துவிட்டார். இதோடு பன்னிரண்டு நாள் ஆகிறது.

அந்த ஊருக்குத் தொலைபேசி வந்து ஆறு வருடம்தான். வீதியில் இன்னும் குதிரை வண்டிதான் ஓடியது. விளக்கேற்றுபவர் ஏணியோடுதான் வருவார். மொத்தம் நாற்பத்தொரு நம்பர். நாற்பத்தொன்றும் அக்காவின் கைவழியாகத்தான் பேசியாக வேண்டும். யாராவது கூப்பிட்டால் அக்கா பேச அனுமதிக்கப்பட்டவை மூன்றே வாக்கியங்கள். "எந்த நம்பர்?" "இணைக்கிறேன்." "லைன்ல வேற ஆள் பேசறாங்க." நாலாவது வாக்கியம் பேசினால் விதிமீறல். விதிகள் பலகைக்கு மேலேயே சட்டம் போட்டு மாட்டப்பட்டிருந்தன. கடைசி விதி சிவப்பு எழுத்தில் இருந்தது: ஒரே காலாண்டில் ஏழு புகார் வந்தால் வேலை போகும்.

மாடிப்படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது.

"வந்துட்டார்க்கா," என்றார் லைன்மேன். கம்பம் ஏறி ஏறி ஊரை மேலிருந்தே பார்த்துப் பழகியவர். எந்த வீட்டில் யார் யாரோடு பேசவில்லை என்பது வரை அவருக்குத் தெரியும். வேலை இல்லாத நேரத்தில் இந்த அறையின் மூலையில் உட்கார்ந்து கம்பி சுற்றிக்கொண்டிருப்பார்.

சூப்பிரண்டு உள்ளே வந்தார். இரண்டு மாடிக்கு மேலே அவருடைய அறை. முழங்கால் வலி என்று சொல்லி மேலதிகாரி வந்தால்கூட இறங்க மாட்டார். மனைவி காலமான பிறகு சிரிப்பையும் இலாகாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்பது லைன்மேனின் கணிப்பு. அப்படிப்பட்டவர் அக்காவைத் திட்டுவதென்றால் மட்டும் ஒவ்வொரு படியாக, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, தானே இறங்கி வருவார். அடுத்தவரைத் திட்டுவதில் சிலருக்கு அவ்வளவு தெம்பு கிடைக்கிறது என்று அக்கா நினைத்துக்கொண்டாள்.

"பதினேழாம் நம்பர்லேர்ந்து மூணாவது புகார்." தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார். "'ஐயா, தினமும் மாலை ஆறு மணிக்கு என் வீட்டு மணி அடிக்கிறது. எடுத்தால் ஆளில்லை. இணைப்புக் கொடுக்கும் பெண்மணியின் குரல் எவ்வளவு இனிமையாக இருந்தபோதிலும், இது சரியல்ல.'"

பாட்டு டீச்சர் அல்லவா, திட்டும்போதும் குரலுக்கு மார்க் போடுகிறார்.

"சார், ஒன்பதாம் நம்பர் கேட்கிறார், நான் குடுக்கிறேன். என் தப்பு என்ன சார்?"

சூப்பிரண்டு கயிறுகளைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், கடைசியில் விதிப்பலகையைப் பார்த்தார்.

"புகார் கொடுத்தவங்ககிட்ட இதைப் பத்தி ஒரு வார்த்தை பேசக்கூடாது. விதி."

"சரி சார்."

அவர் இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு படி ஏறினார்.

இந்த வேலை போனால் அக்காவுக்குத் தம்பி வீடுதான் கதி. புருஷன் இறந்த வருடம் அங்கேதான் இருந்தாள். கூடத்து மூலையில் ஒரு பெட்டி, பெட்டிமேல் ஒரு படுக்கை. காலையில் ஒரு அத்தை ஒரு மாப்பிள்ளை சொல்வாள், சாயங்காலம் ஒரு சித்தி இன்னொருவனைச் சொல்வாள். ஒருத்தனுக்குப் பல் இல்லை, இன்னொருத்தனுக்கு முதல் மனைவி இன்னும் இருந்தாள். தப்பித்து இந்த ஊருக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. இப்போது அவளுக்கென்று ஒரு அறை, அதற்கொரு பூட்டு. அதன் சாவி வேறு யாரிடமும் இல்லை. கல்யாணப் பேச்சு காதில் விழுந்தாலே எழுந்து போய்விடுவாள்.

"பேசாம ரெண்டு பேரையும் நீங்களே சேர்த்து வெச்சிடுங்கக்கா," என்றார் லைன்மேன். "அவருக்கும் வீட்டுல ஆள் இல்ல, அவங்களுக்கும் இல்ல. சேர்ந்துட்டா புகாரும் நின்னுடும்."

"எனக்கு அந்தத் தொழில் வேண்டாம்ப்பா."

"அப்ப தம்பி வீட்டுக்குத்தான்."

மறுநாள் ஆறு மணிக்கு அக்கா தன் வாழ்க்கையில் முதல்முறையாக நாலாவது வாக்கியம் பேசினாள்.

"சார், இன்னிக்கு வெச்சிடாதீங்க. ஏதாவது பேசுங்க."

"அம்மா... என்னம்மா பேசறது?"

"நல்லா இருக்கீங்களான்னு கேளுங்க. அது போதும்."

"அதுக்கப்புறம்?"

"அப்புறம் தானா வரும்."

தானாகத்தான் வந்தது. முப்பது வருடமாகக் கடையில் நின்று கேட்டதே வந்தது.

"நல்லா இருக்கீங்களா?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"நல்லா இருக்கேன்," என்றார் டீச்சர், குரல் கொஞ்சம் இளகி. "நீங்க?"

பிறகு ஒரே மூச்சில் வந்தது. "வெளிக்கு ஒழுங்கா போகுதா?"

டீச்சர் ரிசீவரை வைத்த சத்தத்தில் பலகையே அதிர்ந்தது.

மறுநாள் நாலாவது புகாரோடு சூப்பிரண்டு இறங்கி வந்தார். படித்தார், நின்றார், போனார்.

"அவரைத் தனியா விட்டா வைத்தியம்தான் பார்ப்பார்," என்றாள் அக்கா. "பக்கத்துல இருந்து சொல்லிக் குடுக்கணும்."

பலகையில் ஒவ்வொரு கயிற்றுக்கும் விரலால் சாய்க்கும் இரண்டு குட்டிச் சாவிகள் உண்டு. முன்சாவியைத் தள்ளினால் கூப்பிட்டவருக்கு மட்டும் அக்காவின் குரல் கேட்கும். பின்சாவி எடுத்தவருக்கு. முன்சாவியை மட்டும் தள்ளி, அவர் காதில் மட்டும் ஓதுவது என்று திட்டம்.

அன்று மாலை டீச்சர் "ஹலோ" என்றதும் அக்கா அவசரத்தில் சாவியைத் தள்ளினாள். தள்ளியது கட்டைவிரல், தடித்த விரல். முன்சாவியோடு பின்சாவியும் சாய்ந்துவிட்டது.

"உங்களை நான் ஒரு நாளும் மறக்கலைன்னு சொல்லுங்க," என்று கிசுகிசுத்தாள்.

"யாரது?" என்றார் டீச்சர்.

மருந்துக்கடைக்காரர் உறைந்து போனார். "யாரும் இல்லீங்க."

"பொம்பளைக் குரல் கேட்டுச்சே?"

"இல்லீங்க, கடையில... பூனை."

"பூனை 'மறக்கலை'ன்னு சொல்லுதா? பக்கத்துல ஒருத்தியை வெச்சுக்கிட்டு எனக்குப் போன் பண்றீங்களா, இந்த வயசுல?"

டக்.

ஐந்தாவது புகாரில் புதிதாக ஒரு வரி இருந்தது. சூப்பிரண்டு அதை வாசிக்கும்போது கொஞ்சம் வேகமாக வாசித்தார். "'நேற்று அந்தப் பெண்மணியின் தொண்டை கட்டியிருந்தது போலத் தோன்றியது. இலாகா கவனிக்க வேண்டும்.'" படித்துவிட்டு அவரே போய், காற்று வீசிக்கொண்டிருந்த ஜன்னலைச் சாத்தினார்.

"பாட்டுக்காரங்க காதே காது," என்றார் லைன்மேன், கம்பியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மறுநாள் மதியம் பதினேழாம் நம்பரின் மூடியே விழுந்தது.

"எந்த நம்பர்?"

"நம்பர் வேணாம். நீதான் வேணும்," என்றார் டீச்சர். "எல்லா லைனும் உன் கையில. சொல்லு, யார் அந்தப் பொம்பளை?"

"நான்தான் டீச்சர். அவருக்குப் பேச வரலை. அதனால சொல்லிக் குடுத்தேன்."

கம்பியில் காற்று மட்டும் பாடியது. புகாரைப் பற்றி மன்னிப்புக் கேட்க அக்காவுக்கு வாய் வரை வந்தது. விதிப்பலகையைப் பார்த்து விழுங்கிக்கொண்டாள்.

"இருபத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடியும் அவருக்குப் பேச வரலை," என்றார் டீச்சர். குரலில் கோபம் இல்லை. "எங்கப்பா நேராவே கேட்டார். 'என் பொண்ணைக் கட்டிக்கச் சம்மதமாப்பா?' இவர் மடியில தொப்பியை வெச்சுத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கிட்டே இருந்தார். கால் மணி நேரம். எங்கப்பா எழுந்து போயிட்டார். எனக்கு வேற இடம் பார்த்தாங்க. அந்த மனுஷன் தங்கமானவர்தான், அஞ்சு வருஷம் முன்னாடி போயிட்டார். ஆனா இந்தத் தொப்பி மட்டும் கண்ணை விட்டுப் போகலை."

"டீச்சர்..."

"நீ சொல்லிக் குடுத்து எனக்கு வேணாம். அவர் வாயால ஒரு வார்த்தை வரட்டும்."

அந்தப் பேச்சு முடிவதற்குள் வேறு நாலு நம்பரின் மூடிகள் விழுந்து காத்திருந்தன. டாக்டர் கத்தினார், வக்கீல் கத்தினார். மாலையில் ஆறாவது புகார் வந்தது. சூப்பிரண்டு அதைப் படிக்காமல் மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

"இதுதான் கடைசி," என்றார். "இதுக்கு மேல ஒண்ணு வந்தா என் கையில இல்ல."

அன்றிரவு பூட்டிய அறைக்குள் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அக்கா வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். காலையில் மருந்துக்கடைக்காரரை அவளே கூப்பிட்டாள்.

"சார், இதுதான் கடைசி வழி. மனசுல இருக்கிறதை முதல்ல எனக்குச் சொல்லிப் பாருங்க. நான் யாரோதானே, கூச்சப்படாதீங்க. நல்லா வந்தா அப்புறம் அவங்களைக் குடுக்கிறேன்."

"ஒத்திகையா?"

"ஒத்திகை."

"சரிம்மா. சனிக்கிழமை ஆறு மணிக்குக் கூப்பிடறேன். அதுவரைக்கும் யோசிக்கணும்."

சரி என்றாள். அது மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை என்பது அவளுக்கு உறைக்கவில்லை.

மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை ஆறு மணிக்கு ஊர் முழுக்கக் கடிகாரம் திருத்தும். ஆறுக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது நாற்பத்தொரு லைனையும் ஒன்றாகச் சேர்த்து எல்லோருக்கும் மணி அடிப்பாள். எல்லோரும் ரிசீவரைக் காதில் வைத்து, கடிகாரத்தைக் கையில் வைத்து, மூச்சுவிடாமல் காத்திருப்பார்கள். சரியாக ஆறுக்கு அக்கா "இப்போது மணி ஆறு" என்பாள். முட்கள் திரும்பும்.

அந்தச் சனிக்கிழமையும் நாற்பத்தொரு கயிற்றையும் செருகி, மணியை அடித்துவிட்டு, முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் இருபது விநாடி. அப்போது அந்தக் குரல் வந்தது.

"அம்மா, நான்தான். வெட்டிடாதே, தைரியம் இருக்கும்போதே சொல்லிடறேன். நீ மட்டும் கேளு."

அக்காவின் கை தானாக ஒன்பதாம் நம்பர் கயிற்றுக்குப் போயிற்று. உருவ ஒரு நொடி போதும். வேலை பிழைக்கும், அறை பிழைக்கும்.

"அன்னிக்கு அவங்கப்பா கேட்டப்ப, 'சம்மதம்'னு சொல்ல வாயைத் திறந்தேன்மா," என்றார் மருந்துக்கடைக்காரர். "சத்தம் வரலை. அவங்க கதவோரம் நின்னாங்க. நான் நிமிர்ந்து பார்த்திருந்தா அழுதிருப்பேன், அதான் தொப்பியையே பார்த்தேன். வீட்டுக்குப் போற வழியெல்லாம் சம்மதம் சம்மதம்னு சொல்லிக்கிட்டே போனேன். குதிரை வண்டிக்காரன் என்னைப் பைத்தியம்னு நினைச்சான்."

அக்காவின் விரல்கள் கயிற்றைப் பிடித்தபடியே இருந்தன. உருவவில்லை.

"எப்படிம்மா இருக்கு?" என்றார் அவர். "இதையே சொல்லலாமா?"

நாற்பத்தொரு லைனிலும் ஒரு சத்தம் இல்லை.

பிறகு ஒரு குரல் வந்தது.

"அது என்ன, வண்டிக்காரன்கிட்ட சொன்னதை என்கிட்ட சொல்ல இருபத்தஞ்சு வருஷமா?" பாட்டு டீச்சரின் குரல் பிசிறடித்தது. "கடையைச் சாத்திட்டுக் கிளம்பி வாங்க. தொப்பி வேண்டாம்."

"ஐயோ," என்றார் மருந்துக்கடைக்காரர்.

"ஐயோ இல்லய்யா, சம்மதம்னு சொல்லு!" இது டாக்டர்.

"சட்டப்படி வாய்விட்டுச் சொல்லணும்," என்றார் வக்கீல்.

"சீக்கிரம் சொல்லுங்க, என் அடுப்புல ரொட்டி கருகுது!" இது பேக்கரிக்காரர்.

"சம்மதம்!" என்று மருந்துக்கடைக்காரர் கத்தினார். கம்பியில்லாமலே நாலு தெருவுக்குக் கேட்டது.

அந்த ஆரவாரத்தில் மணி ஆறைச் சொல்ல அக்கா மறந்தே போனாள். கடிகாரம் ஆறு மணி ஏழு நிமிடம் காட்டும்போது படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. அன்றைக்கு மட்டும் வேகமாக இறங்கியது.

சூப்பிரண்டு வந்து நின்றார். அக்கா எழுந்து நின்றாள். தம்பி வீட்டுக் கூடமும், பெட்டியும், சித்தியும் கண்முன்னே வந்து போயின.

அவர் வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

"ஊர் பூரா கடிகாரம் தப்பு," என்றார் கடைசியில். திரும்பிப் போய்விட்டார்.

ஏழாவது புகார் திங்களன்று வரும் என்று அக்கா காத்திருந்தாள். வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. பூட்ஸ் சத்தமும் வரவில்லை. தினமும் ஆறு மணிக்கு அவள் காது படிக்கட்டுப் பக்கமே போனது. எதற்காக என்று அவளுக்கே விளங்கவில்லை. பயம்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பதினைந்தாம் நாள் டீச்சருக்கும் மருந்துக்கடைக்காரருக்கும் கல்யாணம். நாற்பத்தொரு நம்பரும் நேரில் வந்திருந்தார்கள். குரலை மட்டுமே அறிந்தவர்கள் எல்லாம் அக்காவைச் சுற்றி நின்று, "நீங்கதானா அது!" என்றார்கள். சூப்பிரண்டு மட்டும் வரவில்லை. முழங்கால் வலி என்று சொல்லியனுப்பியிருந்தார்.

பந்தி முடிந்ததும் அக்கா டீச்சரைத் தனியாகப் பிடித்தாள். விதியை மீறுவது அவளுக்கு இப்போது பழகிவிட்டிருந்தது.

"டீச்சர், ஒண்ணு சொல்லணும். அந்த ஏழாவது புகாரை எழுதாம விட்டீங்களே, ரொம்ப நன்றி. எழுதியிருந்தா என் வேலை போயிருக்கும்."

டீச்சர் விழித்தார். "எந்தப் புகார்? தினமும் ஆறு மணி எப்ப அடிக்கும்னு பாட்டு வகுப்பையே சீக்கிரம் முடிச்சுட்டுக் காத்துக்கிட்டிருந்தவ நான். நான் எதுக்கடி புகார் எழுதப் போறேன்?"

அக்கா திகைத்து நிற்க, பக்கத்தில் இரண்டாவது துண்டு கேக்கை மென்றுகொண்டிருந்த லைன்மேன் நிதானமாகக் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"ஆறு புகாரையும் சார் சொல்லச் சொல்ல எழுதினவன் நான்தான்க்கா, ஏழாவதை மட்டும் தன் கையாலேயே உங்க பேருக்கு எழுதறேன்னு உட்கார்ந்தார், பதினஞ்சு நாளா 'அன்புள்ள'வைத் தாண்டலை."